அறியாமைக்கு நிவாரணம் கேட்டறிவதே



நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பயணமொன்றில் ஒருவரின் தலையில் காயம் ஏற்பட்டது. அவருக்குக் குளிப்புக் கடமையானபோது, தயம்மும் செய்யலாமா எனத் தோழர்களிடம் வினவினார். தண்ணீர் இருக்கையில் சலுகையில்லை என்றனர். அவர் குளித்தார், மரணித்தார். இதையறிந்த அண்ணலார் அவர்களைக் கடுமையாகக் கண்டித்து, அறியாமைக்கு நிவாரணம் கேட்டறிவதே என உணர்த்தினார்கள். இச்சம்பவம் அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

‘சீனி வருத்தம்’ எனும் நீரிழிவிலும் அறியாமையே பெரும் ஆபத்தாகும். 2005-2006இல் எமது நாட்டில் நடாத்தப்பட்ட ஆய்வில், 20 வயதிற்கு மேற்பட்டோரில் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் அதனை அறிந்திருக்கவேயில்லை.

அறிந்தோரின் நிலை என்ன? அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை ஆகிய ஊர்களிலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கும் பேராதனைக்கும் கிளினிக் செல்லும் தாய்மாரைப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கொப்பியை வாசிக்க இயலாது, மாத்திரையை நிறத்தால் அடையாளம் காண்போர் பலர். நிறம் மாறினால் என்ன செய்வார்கள்?

காலையில் பார்க்கும் சீனி அவ்வேளை நிலையையே கூறும். எச்.பி.ஏ.1சி பரிசோதனையோ ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் கூறும். கிளினிக்கிற்கு முந்திய இரு தினங்கள் மாத்திரம் இனிப்பைத் தவிர்ப்பவர் தம்மையே ஏமாற்றுகிறார். வட்டிலப்பத்தில் இருப்பது கருப்பட்டிதானே என்பதும் தவறு. அதுவும் இரத்தத்தில் சீனியை உயர்த்தும்.

ரமழானில் இவ்வறியாமை உயிரையே பறிக்கலாம். அல்குர்ஆன் (2:185) நோயாளிக்கு வேறு நாட்களில் நோன்பு நோற்கச் சலுகையளிக்கிறது. இன்சுலின் ஏற்றுவோரும் கிளிக்ளசைட் போன்ற மாத்திரை உட்கொள்வோரும் ரமழானுக்கு முன்னரே வைத்தியரிடம் ஆலோசியுங்கள். விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது. அளவு 70 மில்லிகிராமிற்குக் குறைந்தால், அஸருக்குப் பின்னராயினும் உடனே நோன்பை விட்டுவிட்டு இனிப்பு ஏதேனும் உட்கொள்ளுங்கள். வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் அதன் அறிகுறிகள். மஃரிபுக்குச் சற்று நேரந்தானே எனத் தடுக்கும் வீட்டார், காயமுற்றவருக்குச் சலுகையில்லை என்றோரை ஒத்தவராவர்.

இளைஞர்களே! உங்கள் கல்வி பெற்றோருக்கு இங்கே பயன்படட்டும். இன்றிரவே கிளினிக் கொப்பியை எடுத்து வாசித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, எப்போது, உணவு தவறினால் என்ன செய்வது என்பவற்றை வைத்தியரிடம் கேட்டுத் தமிழில் எழுதிக் கொடுங்கள். இதுவும் பெற்றோருக்குச் செய்யும் பணிவிடையே.

அல்லாஹு தஆலா எமது உடல்களெனும் அமானிதத்தை அறிவோடு பேணும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.