நாள் கடந்த முறையீடு
(வெள்ளானூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



பூண்டியிலிருந்து புழல் ஏரிக்கு வரும் நீரில் கிருஷ்ணா நீரும் உண்டு. தமிழ்நாடும் ஆந்திரமும் 1983-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் அது வருகிறது. அந்தத் தெலுங்கு கங்கைத் திட்டத்துக்காக 1989-இல் ஆந்திரத்தில் எடுக்கப்பட்ட நிலங்களுக்கு இழப்பீடு போதாது என்று பதினாறு பேர் வழக்காடித் தோற்றார்கள். அவர்களில் ஒருவருடைய வாரிசுகள் உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் கொண்டு வந்தபோது 5,659 நாள் கடந்திருந்தது. ஏறக்குறையப் பதினைந்தரை ஆண்டு! உயர் நீதிமன்றம் தாமதத்தை மன்னிக்கவில்லை. 2024 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பேலா திரிவேதி, பங்கஜ் மித்தல் அமர்வும் அதையே உறுதிசெய்தது. இழப்பீடு நியாயமானதா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை.

நாம் குடிக்கும் நீருக்காக நிலம் இழந்த குடும்பம் அது. எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரி என்பதே என் கருத்து.

1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் 3-ஆம் பிரிவில் கண்டிப்பானது. எதிர்த்தரப்பு ஆட்சேபிக்காவிட்டாலும், காலம் கடந்து வந்ததை நீதிமன்றம் தள்ளியாக வேண்டும். முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மேல் அப்பீலுக்கு 30 நாள். உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாள் இதில் சேராது. கெடு தவறியவர், போதுமான காரணம் காட்டினால் 5-ஆம் பிரிவின்படி மன்னிப்புப் பெறலாம்.

ஏன் இந்தக் கண்டிப்பு? நம் பகுதியையே பாருங்கள். வயல்களெல்லாம் மனைகளாகிவிட்டன. தீர்ப்பு இறுதியாகிவிட்டது என்று நம்பி ஒருவர் மனை வாங்குகிறார், வங்கிக் கடனில் வீடு கட்டுகிறார். மனை விலை ஏறிய பிறகு, தோற்றவர் பழைய வழக்குக் கட்டைத் தூசி தட்டி எடுத்து வந்தால் அந்த வீட்டுக்காரர் எங்கே போவார்? ஜெயித்தவருக்கும் நிம்மதி வேண்டாமா?

ஆனாலும் காரணம் உண்மையானால் மன்னிப்பு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 883 நாள் தாமதத்தை 1998-இல் உச்ச நீதிமன்றம் மன்னித்தது. சொத்து வழக்கில் தான் இல்லாமலே ஒருதலையாக வந்த எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கக் கோரியவருடைய மனு தள்ளுபடியானது. வக்கீல் அதைச் சொல்லவே இல்லை. அவர் அந்த வக்கீல் மீது நுகர்வோர் மன்றத்துக்குப் போய் 50,000 ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவும் வாங்கியிருந்தார். அவர் தூங்கிக் கிடக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? நாள் கணக்கைவிடச் சொல்லும் காரணமே முக்கியம் என்றது உச்ச நீதிமன்றம்.

ஆனால் நம் கோர்ட்டுகளில் தாக்கலாகும் தாமத மனுக்களில் பெரும்பாலும் மஞ்சள் காமாலைதான் காரணம். எந்தத் தேதியில் படுத்தார், எங்கே மருந்து சாப்பிட்டார், எப்போது எழுந்தார் என்று ஒரு வரி இராது. இப்படி எழுதிக் கொடுக்கும் என் தொழில்முறைச் சகோதரர்களை மன்றாடிக் கேட்கிறேன்: இதை விட்டுவிடுங்கள். உண்மையிலேயே நோயில் கிடந்தவரின் பேச்சும் இதனால் எடுபடாமல் போகிறது.

தாமத மன்னிப்பில் அரசாங்கத்துக்கும் தனிச் சலுகை இல்லை. 427 நாள் தாமதமாக வந்த அஞ்சல் துறையை 2012-இல் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 663 நாள் கழித்து வந்த மத்தியப் பிரதேச அரசுக்கு 2020-இல் நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் அமர்வு 25,000 ரூபாய் செலவுத்தொகை விதித்து, அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமே வசூலிக்கச் சொன்னது. கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது என்ற காரணம் எடுபடவில்லை. மிகச் சரி.

ஏழைக்கு நேரும் தாமதம் பெரும்பாலும் செய்தி வராததால் நேர்வது. பூந்தமல்லியிலோ திருவள்ளூரிலோ தீர்ப்பான அன்றே கட்சிக்காரருக்கு எழுத்தில் தகவல் அனுப்புவது வக்கீலின் கடமை. எழுதியதற்கு நகலும் வைத்துக்கொள்ள வேண்டும். கட்சிக்காரரும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டதோடு இருந்துவிடக் கூடாது. வழக்குக்கான பதினாறு இலக்க சிஎன்ஆர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த வாய்தா என்றைக்கு, தீர்ப்பாகிவிட்டதா என்பதைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்று கெடுவைத் தவறவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் இனத்தாருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வக்கீல் உண்டு. அப்பீலுக்கும் உண்டு.