வாகனமும் ஓர் அமானிதமே

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

  

இன்று மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று கூறியபோது நிர்வாகிகளில் ஓரிருவர் புன்னகைத்தனர். அது போக்குவரத்துக் காவலரின் வேலையல்லவா என்பது அப்புன்னகையின் பொருள். உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று என்று மதரஸாவில் நாம் ஓதியது, சாலைக்கு வந்ததும் மறந்து விடுகிறது.

மத்திய அரசின் கணக்குப்படி 2022 ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடு. இங்கு மாண்டோர் 17,884 பேர். நாடெங்கும் மாண்டோரில் பத்துக்கு நால்வருக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

மையித்து வீட்டில் நாம் என்ன கூறுகிறோம்? “அவருடைய தக்தீர் அவ்வளவுதான்” என்கிறோம். துயருற்றோருக்கு அது ஆறுதல், அதில் தவறில்லை. ஆனால் வண்டியை முறுக்குகிறவனுக்கு அது சாக்காகிவிடக் கூடாது. ஷாமில் கொள்ளைநோய் பரவியதைக் கேள்வியுற்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பாதி வழியிலேயே திரும்பினார்கள். தற்காத்துக் கொள்வதும் இறைவிதிக்குள் அடங்கியதே என்று அபூ உபைதா (ரலி) அவர்களுக்கு விளக்கமும் அளித்தார்கள். தலைக்கவசத்தைக் கண்ணாடியில் மாட்டிச் செல்பவர் எந்த விதியை நம்புகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. தலையில் வைத்தாலும் வாரைப் பூட்டாவிட்டால், விழும்போது முதலில் கழன்று ஓடுவது அதுதான்.

நம்மில் பலர் அறியாத ஒரு சட்டத்தை இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவருக்கு ஸூரா அந்நிஸாவின் 92 ஆவது வசனம் இரு கடமைகளை விதிக்கிறது. இறந்தவரின் குடும்பத்தாருக்கு நஷ்டஈடு ஒன்று. அவர்கள் மன்னித்தால் அது நீங்கும். மற்றொன்று கஃப்பாரா. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாத இக்காலத்தில், அது இடைவிடாத இரண்டு மாத நோன்பு. ஏழைகளுக்கு உணவளித்து ஈடு செய்யும் மாற்று அவ்வசனத்தில் கூறப்படவில்லை. 1993 ஆம் ஆண்டு புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மார்க்கத்திற்கு முரணில்லாத போக்குவரத்து விதிகளுக்குக் கட்டுப்படுவது கடமை என்றும், வாகனத்தால் விளையும் சேதத்திற்கு ஓட்டுநரே பொறுப்பாளி என்றும் தீர்மானித்தது. தடுக்க இயலாத நிகழ்வுக்கும் பிறருடைய தவறுக்கும் மட்டுமே அதில் விலக்குண்டு. “இன்சூரன்ஸ் கொடுத்துவிடும்” என்று சொல்பவர்கள் உள்ளனர். இன்சூரன்ஸ் பணத்தைக் கொடுக்கும். அறுபது நாள் நோன்பை நோற்காது.

ஹஜ்ஜின்போது அரஃபாவிலிருந்து திரும்புகையில், பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் சப்தம் கேட்டு, அமைதியாகச் செல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் சாட்டையால் சைகை செய்தார்கள். விரைந்து ஓட்டுவது நன்மையல்ல என்றும் உணர்த்தினார்கள். ஹஜ்ஜிலேயே அப்படியென்றால், இஃப்தார் கஞ்சிக்காக நாம் பறப்பதை என்னவென்று சொல்வது! 30 கிலோமீட்டர் தூரத்தை 60 கிலோமீட்டர் வேகத்திலும் 80 கிலோமீட்டர் வேகத்திலும் கடப்பதற்கு இடையே உள்ள வித்தியாசம் ஏழரை நிமிடம். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது செல்போனை மூன்று வினாடி பார்த்தால், வண்டி ஐம்பது மீட்டரைக் குருடாகக் கடந்துவிடும்.

அடுத்து, பிள்ளைகள். வாப்பா சபுரில் இருக்கிறார். பத்தாம் வகுப்பு மகன் வண்டி கேட்டு அடம் பிடிக்கிறான். உம்மாவால் மறுக்க இயலவில்லை. 2019 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அச்சிறுவனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. சபுராளித் தந்தையர் இதைத் தொலைபேசியில் தம் மக்களிடம் நேரடியாகச் சொல்ல வேண்டும். தாய்மார் மீது மட்டும் இப்பாரத்தைச் சுமத்துவது நியாயமல்ல.

விபத்தைக் கண்டால் ஒதுங்கிச் செல்லாதீர்கள். காயமுற்றவரை மருத்துவமனையில் சேர்ப்பவரைத் துன்புறுத்தக் கூடாது என்ற வழிகாட்டு நெறிகளை உச்சநீதிமன்றம் 2016 இல் உறுதி செய்தது. 2019 திருத்தம் அதைச் சட்டமாகவும் ஆக்கியது. 108 ஐ அழையுங்கள். அவர் யாராக இருந்தாலும் சரி.

இறுதியாக நிர்வாகக் குழுவிற்கு ஒரு வேண்டுகோள். நம் ஊருக்கு அதிக ஆபத்தை விளைவிப்பது, என் கருத்தில், விமான நிலைய வேன்தான். பகலெல்லாம் வாடகைக்கு ஓடிய ஓட்டுநர் இரவில் புறப்படுகிறார். விமானம் தாமதமாகிறது. அவர் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்து கிடக்கிறார். வந்தவருக்கோ பிள்ளை முகம் காணும் அவசரம். பஜ்ருக்கு முந்திய நேரத்தில், கண்கள் தாமாக மூடும் வேளையில், வண்டி வருகிறது. இரண்டு வருடம் காத்திருந்த குடும்பம் இரண்டு மணி நேரம் காத்திருக்காதா? வேன் பேசும்போதே ஓட்டுநர் அன்று பகலில் உறங்கினாரா என்று கேளுங்கள். இரவுப் பயணமெனில் இரண்டாவது ஓட்டுநருக்கும் கூலி கொடுங்கள்.

மதரஸா மாடியில் தெற்கு அறை காலியாக உள்ளது. அதில் நான்கு பாய்களும் ஒரு மின்விசிறியும் போதும். நம் ஊர் வழியே செல்லும் எந்த ஓட்டுநரும், எம்மதத்தவராயினும், இரவில் படுத்து எழுந்து செல்லட்டும். சாவியை வைத்துக்கொள்ள முஅத்தின் ஸாஹிப் சம்மதித்துள்ளார். எந்நேரமும் கதவைத் தட்டலாம் என்கிறார்.