படியும் எஞ்சினும்



மீஞ்சூரிலிருந்து தெற்கே எண்ணூரைக் கடந்து சென்றால் திருவொற்றியூர் வரும். 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி அமைத்த என்பீல்டு இந்தியாவின் தொழிற்சாலை அவ்வூரிலேதான் எழுந்தது. அங்கே உருவான 'புல்லட் 350' வண்டியை அறியாதவர் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலும் இரார். ஆயினும், அந்த 350 எதைக் குறிக்கிறது என்று கேட்டால், "வண்டியின் பலத்தை" என்பவரே பலர். மீன்கூடை ஏற்றுவதற்கென்று பழைய வண்டி வாங்கப் புறப்படுகிறவர் இவ்விடையை நம்பினால் கைப்பொருளை இழக்க நேரும்.

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பை நினைத்துப் பாருங்கள். எஞ்சினுக்குள்ளும் அத்தகைய குழல் ஒன்று உண்டு. அதை சிலிண்டர் என்பர். அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லை வரை அது கடக்கும் இடத்தின் கன அளவே சி.சி., அதாவது கன சென்டிமீட்டர். ஆயிரம் சி.சி. ஒரு லிட்டர்.

இதைப் பள்ளிச் சிறுவனும் கணக்கிடலாம். பழைய புல்லட்டின் சிலிண்டர் உள்விட்டம் 7 சென்டிமீட்டர். பிஸ்டனின் ஓட்டம் 9 சென்டிமீட்டர். ஆரமாகிய மூன்றரையின் வர்க்கம் பன்னிரண்டே கால். அதனை 22/7 ஆல் பெருக்கினால் 38.5, மீண்டும் 9 ஆல் பெருக்கினால் 346.5. எஞ்சினின் குறிப்பேட்டில் 346 என்றிருக்கும். 350 என்பது வசதிக்காக வைத்த பெயர்.

காருக்கும் கணக்கு இதுவே. 1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் ஒரு சிலிண்டரின் அளவு 237 சி.சி.; நான்கும் சேர்ந்து 948.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அரை மில்லிமீட்டர் அகலப்படுத்தினால், 346 சி.சி. புல்லட் 351 ஆகிவிடும். இது பலம் கூடியதற்கு அடையாளமன்று. வண்டி நெடுநாள் உழைத்ததற்கே அடையாளம்.

அளவு வேறு, ஆற்றல் வேறு. நெல் அளக்கும் படி எவ்வளவு கொள்ளும் என்பது ஒன்று. நிமிடத்துக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பது மற்றொன்று. இன்றைய புல்லட்டுக்கும் கே.டி.எம். டியூக் 200-க்கும் சிலிண்டர் உள்விட்டம் ஒன்றே: 72 மில்லிமீட்டர். புல்லட்டின் ஓட்டம் 85.8 மில்லிமீட்டர், டியூக்கினது 49. ஆகவே முன்னது 349 சி.சி., பின்னது 200. ஆயினும் சிறியது ஏறத்தாழ 25 குதிரைத் திறனும், பெரியது 20-ம் தருகின்றன. சிறியது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுச் சுற்றி அதனைப் பெறுகிறது. பெரியது ஆறாயிரத்துச் சொச்சத்திலேயே தன் உச்சத்தை எட்டுகிறது. ஆனால் சக்கரத்தைத் திருப்பும் முறுக்கு விசை பெரியதற்கே மிகுதி. பாரத்தோடு மெல்லப் புறப்படுவதற்கு அதுவே துணை.

அரசாங்கம் எல்லை வகுப்பதும் சி.சி.யைக் கொண்டே. பதினாறு வயது நிரம்பியவர் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியையே ஓட்டலாம். 2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு. அதற்கு மேல் 40. புல்லட் 349-இல் நிற்பதன் பயன் இப்போது விளங்கும்.

ஆதலின் வண்டி வாங்குகையில் சி.சி.யை மட்டும் கேட்டு அமையாதீர்கள். குதிரைத் திறன் எவ்வளவு, எத்தனை சுற்றில், முறுக்கு விசை எவ்வளவு என்பவற்றையும் கேளுங்கள். படியின் அளவை அறிந்தவர், அளக்கும் கையையும் பார்க்க வேண்டும்.