வெறும் ஊசி

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபின் மரத்த தாடைக்கு உணர்வு திரும்பும் நேரம் இருக்கிறதே, அந்த வலி பட்டவருக்குத்தான் தெரியும். அப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி சான் பிரான்சிஸ்கோவில் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1978-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மருந்தே இல்லாத வெறும் ஊசிக்குச் சிலருடைய வலி தணிந்தது. மனப்பிரமை என்பீர்கள். ஆனால் அவர்களுக்கே நலாக்சோன் போட்டதும் வலி கூடிவிட்டது! மார்ஃபினின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. அப்படியானால், நம்பிக்கை பிறந்ததுமே மூளை மார்ஃபினைப் போன்ற தன் சொந்த வலிநிவாரணியான எண்டார்ஃபினைச் சுரந்திருக்க வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நம்பிக்கை கிருமியைக் கொல்லாது. ஆனால் இத்தாலியில் ஆய்வாளர் பெனடெட்டியின் குழுவினர் கண்டது இது: நோயாளிக்குத் தெரியாமல் இயந்திரம் செலுத்திய வலிமருந்து, கண்ணெதிரே சொல்லிப் போட்ட அளவுக்குக் கேட்கவில்லை.