பள்ளிப் பாண்டும் பிள்ளையின் வீடும்



சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் பெரம்பலூரிலும் அரியலூரிலும் கொடியேற்றத்தைக் காண மக்கள் திரள்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் டிரம் முழக்கிப் பியூகிள் ஊதி அணிவகுத்து வருவதைக் கண்டு கைதட்டுகிறார்கள். அந்தச் சில நிமிட முழக்கத்துக்குப் பின்னால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பள்ளி திறந்த சில நாளில் ஒரு பிள்ளை வீட்டுக்கு ஓடி வந்து, “என்னைப் பாண்டில் சேர்த்துக்கொண்டார்கள்” என்று சொல்கிறது. அந்தக் குடும்பத்தார் எவற்றை எதிர்பார்க்கலாம்? இவ்வட்டாரத்துப் பள்ளிகளில் பாண்டு பழக்கியவன் என்ற முறையில், நான் அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

பாண்டு நமக்கு நேற்று வந்த பொருளன்று. கொள்ளிடத்துக்கு அக்கரையிலுள்ள தஞ்சையில், 1798 முதல் 1832 வரை அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அரண்மனையில் மேனாட்டு முறைப் பாண்டு ஒன்றை வைத்திருந்தார். அதே காலத்தில் வாழ்ந்த முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலேயர் பாண்டில் கேட்ட மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். ஏறத்தாழ 40 எண்ணமுள்ள அவற்றை இன்று நோட்டுஸ்வரம் என்கிறோம். பாண்டிலிருந்து நம் மேடைக்கு வந்த கிளாரினெட்டைக் கருநாடக இசைக்கு இசைய வாசித்துப் புகழ்பெற்றவர் திருச்சி ஏ. கே. சி. நடராஜன். 2022-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆகவே, உங்கள் பிள்ளை கையில் எடுப்பது அந்நியர் விட்டுப்போன பழைய சாமான் என்று எண்ண வேண்டா.

இனி வீட்டுக்கு வருவோம். முதலில் எதிர்பார்க்க வேண்டியது நேரச் செலவு. அணிவகுப்புக் காலம் நமக்கு ஆண்டில் இருமுறை வருகிறது. ஆகஸ்டுக்கான பயிற்சி ஆடிக் காற்றில் நடக்கும். ஜனவரிக்கான பயிற்சி மார்கழிப் பனியில் நடக்கும். வகுப்புக்கு முன்னால் ஒரு மணி நேரம் என்றால், சிற்றூரிலிருந்து வரும் பிள்ளை முதல் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். சின்ன வெங்காயம் அறுக்கவோ பருத்தி எடுக்கவோ விடியலிலேயே காட்டுக்குப் புறப்படும் தாய், அதற்கும் முன்னால் எழுந்து சோறு கட்ட வேண்டியிருக்கிறது. உண்மையில் பாண்டில் பிள்ளை மட்டும் சேர்வதில்லை. அந்தத் தாயும் சேர்கிறாள். பிள்ளைகளே, இதை நீங்கள் ஒருநாளும் மறக்கலாகாது. வெறும் வயிற்றோடு பியூகிள் ஊதினால் தலை சுற்றும். ஆதலால், அவள் கட்டித் தந்ததைச் சாப்பிட்டுவிட்டே கருவியைத் தொடுங்கள்.

இரண்டாவது, பணச் செலவு. கருவிகள் பெரும்பாலும் பள்ளிக்குச் சொந்தமானவை. சீருடையும் காலணியும் சில இடங்களில் பள்ளி தரும். சில இடங்களில் வீட்டார் வாங்க வேண்டியிருக்கும். எது எவர் பொறுப்பு என்பதை முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. கேட்பதற்குக் கூச்சப்பட்டு, பிள்ளையைச் சத்தமின்றி நிறுத்திவிட்ட வீடுகளை நான் கண்டிருக்கிறேன். கேட்டிருந்தால் முன்னாள் மாணவர் ஒருவருடைய காலணி கிடைத்திருக்கும்.

மூன்றாவது, உடல் வருத்தம். பியூகிளில் விரல் வைக்கத் துளை இல்லை; அழுத்தக் கட்டை இல்லை. உதட்டின் இறுக்கமும் மூச்சின் வேகமும் மட்டுமே சுரத்தை மாற்றும். அழைப்பொலிகளுக்கு வழக்கமாகப் பயன்படுவன ஐந்தே சுரங்கள். முதலிரண்டு வாரம் அந்த ஐந்தும் வாரா, காற்றுத்தான் வரும். உதடு தடிக்கும். சைட் டிரம் பழகுவோருக்கு விரலிடையில் கொப்புளம் எழும். வீட்டில் தட்டும் பலகையும் குச்சியின் தாளத்துக்குத் தப்பா. பெற்றோர் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆயினும், ஒன்றில் கண்டிப்பு வேண்டும். 85 டெசிபெலுக்கு மேற்பட்ட ஓசையை நெடுநேரம் கேட்பது செவிக்குக் கேடு. டிரம்மின் ஓசை அதனை எளிதில் கடக்கும். ஆகவே, பயிற்சி திறந்த வெளியில், இடையிடையே ஓய்வு விட்டு நடக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த பியூகிளை மற்றவர் கழுவாமல் ஊதலாகாது. இவ்விரண்டையும் பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

நான்காவது, படிப்பு. “பாண்டில் சேர்ந்தால் மதிப்பெண் குறையுமே” என்பதே பெற்றோர் எல்லோரும் கேட்கும் கேள்வி. குறையாது என்று நான் உறுதி கூற மாட்டேன். நேரம் ஓர் அளவுக்குட்பட்ட பொருள்; ஓரிடத்தில் கொடுத்தால் இன்னோரிடத்தில் எடுக்கத்தான் வேண்டும். நான் கண்ட நல்ல வழி, ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே சேர்ந்து, ஒன்பதில் முன்வரிசையில் நின்று, பத்தாம் வகுப்பில் கருவியை இளையவரிடம் ஒப்படைத்துவிடுவது. பாண்டினால் வேலை கிடைக்குமா என்றும் கேட்பார்கள். இராணுவத்திலும் காவல்துறையிலும் பாண்டுகள் உண்டு. மத்தியப் பிரதேசத்துப் பச்மரியில் இராணுவ இசைப் பயிற்சி நிலையமும் உண்டு. ஆனால் அவ்வழிச் செல்வோர் மிகச் சிலர். வேலையை நம்பிப் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

ஐந்தாவது ஒன்று உண்டு. அதனைப் பேசாமல் கடந்துவிடுவது எளிது, எனினும், நேர்மையாகாது. நிலத்துக்கு நிலம் ஒரு பறை உண்டு என்று வகுத்தவர்கள் பழந்தமிழர். பின்னாளில் சாவுக்குப் பறை கொட்டும் கட்டாயத்தை ஒரு சாதியார் தோளில் ஏற்றி, அந்தக் காரணம் காட்டியே அவர்களைத் தாழ்த்தியும் வைத்தது நம் சமூகம். பள்ளிப் பாண்டில் டிரம் என்று சொன்னவுடன், இந்தப் பழைய நினைவு பல வீடுகளில் எழுகிறது.

ஓர் ஆண்டு இரண்டு தந்தையர் என்னிடம் வந்தனர். ஒருவர், “சார், என் மகன் கொட்டு அடித்தால் ஊரில் என்ன பேசுவார்கள்? வேறு ஏதாவது கொடுங்கள்” என்றார். அவர் சென்ற பின் வந்த மற்றவர், “சார், எங்கள் அப்பா காலத்தோடு அந்தக் கொட்டு ஒழியட்டும் என்றுதான் பையனைப் படிக்க அனுப்பினோம். இங்கேயும் அதையே அவன் கையில் கொடுப்பதா?” என்றார். இரண்டு பேரும் வேண்டியது ஒன்றுதான். ஆனால், இரண்டு சொல்லுக்கும் எடை ஒன்றன்று. முதல்வரின் சொல் பெருமையிலிருந்து வந்தது. இரண்டாமவரின் சொல் காயத்திலிருந்து வந்தது. இரண்டாமவர் மகனுக்குப் பியூகிள் கொடுத்தோம். முதல்வரிடம், பெரிய டிரம்மைத் தாங்கும் தோள் இவனுக்குத்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவர் இரண்டு வாரம் மகனை அனுப்பவில்லை. பிறகு, மகனுடைய பிடிவாதத்துக்கு இணங்கினார். அந்தப் பிள்ளைகள் இருவரும் இரண்டு ஆண்டு ஒரே வரிசையில் நடந்தார்கள். டிரம்மின் அடி விழும்போது பியூகிள்காரனின் இடக்கால் தரையில் பட வேண்டும்; ஒருவன் தவறினால் இருவரும் தவறுவர். இதனால் ஊரில் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், ஒருவர் நடையை ஒருவர் நம்பி நடந்த பழக்கம் அவர்களுக்கு வாய்த்தது; அது அவர்கள் வீட்டார் கண்ணெதிரே நடந்தது.

பெண் பிள்ளைகளின் வீட்டாருக்கு ஒரு சொல். பாதுகாப்பு அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் அண்மை ஆண்டுகளில் சேர்ந்து நடத்திய தேசியப் பள்ளிப் பாண்டுப் போட்டியில் மாணவியர்க்கெனத் தனிப்பிரிவுகள் உண்டு. கை வலிமையைவிட மணிக்கட்டின் நெகிழ்ச்சியே டிரம்முக்கு முக்கியம். இருட்டுமுன் வீடு திரும்பப் பேருந்து உண்டா என்று கேளுங்கள். பெண் டிரம் அடிக்கலாமா என்று கேட்க வேண்டா.

இத்தனை வருத்தத்துக்கும் ஈடாக வீட்டுக்கு வருவது என்ன? விரைவு நடையில் நிமிடத்துக்கு 120 அடி. அந்த நடைக்குப் பழகிய பிள்ளை, தான் ஒருவன் தாமதித்தால் முப்பது பேர் காத்திருப்பார்கள் என்பதை அறிகிறான். கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்கும் ஊர் பார்க்க நிமிர்ந்து நிற்க ஓர் இடம் கிடைக்கிறது. வகுப்பில் முதலிடம் ஒருவருக்குத்தான் உண்டு. பாண்டில் கடைசி வரிசையின் முக்கோணக் கம்பி தவறினாலும் தாளம் குன்றும்.

ஆகவே, பெற்றோர்களே, கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள்; பிறகு பிள்ளையை அனுப்புங்கள். அணிவகுப்பு நாளில், ஒரு வேளைக் கூலி போனாலும், உங்களில் ஒருவராவது மைதானத்துக்கு வாருங்கள். நேரே பார்த்து நடக்கும்படி நாங்கள் பழக்கியிருக்கிறோம். ஆயினும், நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது உங்கள் பிள்ளைக்குத் தெரியும்.