இம்மானுவேல் சேகரனார்: படைப்பணியும் பொதுப்பணியும்
(நம் சங்கத்தின் கழுகுமலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேவேந்திரகுல வேளாளராகிய நம்மவர் திரளாகக் கூடியுள்ள இச்சபையில், தியாகி இம்மானுவேல் சேகரனாருடைய சரித்திரத்தை எடுத்துரைக்குமாறு எமக்குக் கட்டளையிட்டீர்கள். அவர் பெயரைக் கேட்டமாத்திரத்தில் நம் இளைஞர் ஆரவாரிக்கின்றனர், அது இயல்பே. ஆயினும் அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை ஆராய்ந்தறிந்தவர் சிலரே. ஆதலின் இன்று அவர் இறந்த விதத்தைச் சுருக்கி, வாழ்ந்த விதத்தை விரித்துரைக்க விரும்புகிறோம்.

அவர் 1924-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள், முதுகுளத்தூரை அடுத்த செல்லூரில், வேதநாயகம் என்னும் ஆசிரியருக்கு மகனாகத் தோன்றினார். அந்நாடும் நம் கரிசற்காட்டைப் போல வானம் பார்த்த பூமியே. மழை பொய்த்தால் உழுதவன் வீட்டிலும் உலை ஏறாது. ஆசிரியர் மகனாதலின் அவருக்குக் கல்வி வாய்த்தது. 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் எழுந்தபொழுது, பதினெட்டு வயதளவில் அதில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார்.

இனி, அவ்வாறு சிறை சென்றவரே 1945-இல் படையில் சேர்ந்தார். இதில் முரண்பாடு காண்பாரும் உளர். அக்காலத்து நிலையை நோக்குவார்க்கு அது வியப்பாகத் தோன்றாது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் இந்தியப் படையின் தொகை ஏறக்குறைய இருபத்தைந்து லட்சம். சிலரே ‘வீர சாதியார்’ என்றும், ஏனையோர் ஆயுதம் ஏந்தத் தகாதவர் என்றும் ஆங்கிலேயர் வகுத்திருந்த கொள்கை, போரின் நெருக்கடியில் நெகிழ்ந்தது. சென்னைப் படைப்பிரிவு மீண்டும் திரட்டப்பெற்றது. டாக்டர் அம்பேத்கர் அவர்களின் விடாமுயற்சியால் 1941-இல் மகர் படைப்பிரிவு தோன்றியது. 1943-இல் அமைந்த சமார் படைப்பிரிவோ, போர் முடிந்தவுடன் 1946-இல் கலைக்கப்பட்டது. தேவைப்பட்டபொழுது கதவு திறந்தது. தேவை தீர்ந்ததும் பாதி மூடியது. திறந்திருந்த வேளையில் உள்ளே நுழைந்தவருள் நம் சேகரனாரும் ஒருவர்.

அவர் வகித்த பதவி அவில்தார் மேஜர் என்பது. அப்பதவியாளனுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. வீரர்களின் ஒழுங்கு, அணிவகுப்பு, காவல்முறை முதலியவற்றை நாள்தோறும் மேற்பார்க்கும் பொறுப்பு அவனுடையது. அவன் குரலுக்கு எத்தனையோ பேர் எழுந்து நிற்பர். படையிலும் சாதி இல்லாமலில்லை. படைப்பிரிவுகளின் பெயர்களே அதற்குச் சான்று. எனினும் அங்கே ஒருவனுக்கு மரியாதை செய்வதற்கு அவன் சட்டைக்கையிலுள்ள பட்டையே அளவுகோல். அப்பட்டையுடன் விடுமுறைக்கு ஊர் திரும்பும் வீரனுக்குத் தேநீர்க் கடையில் தனிக் குவளை காத்திருக்கும். தேசத்தைக் காக்கத் தக்கவன் பொதுக் குவளையைத் தொடத் தகாதவனா? இக்கேள்வியே சேகரனாரின் பொதுவாழ்வுக்கு அடிப்படை என்று யாம் கருதுகிறோம்.

அரசியல் சாசனத்தின் 17-ஆம் பிரிவு 1950-இல் தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. ஆனால் ஏட்டிலுள்ள சட்டம் தானே நடந்து ஊருக்குள் வருவதில்லை. அதைக் கேட்டுப் பெற ஆள் வேண்டும். படைப்பணி விட்டுத் திரும்பிய சேகரனார் ஊர்தோறும் சென்று இளைஞரைத் திரட்டினார். இரட்டைக் குவளையைக் கண்டித்தார். காங்கிரசில் நின்று உழைத்தார். தெருவின் உரிமை எத்தகையது என்பதைக் கழுகுமலையாருக்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. இவ்வூர்த் தேர்வீதியில் ஊர்வலம் போகும் உரிமை பற்றிய பூசலில் 1895-ஆம் ஆண்டு நாடார் சமூகத்தாரும் பிறரும் உயிரிழந்தனர். தெருவுக்காகப் போராடியவர் நாம் மட்டுமல்லர் என்பதை மறவாதிருப்போமாக.

நிற்க. 1957-இல் நடந்த முதுகுளத்தூர் இடைத்தேர்தலில் நம்மவரிற் பெரும்பாலார் காங்கிரசையும், மறவரிற் பெரும்பாலார் எதிர்த்தரப்பையும் ஆதரித்தனர். தேர்தல் முடிந்தும் பகை முடியவில்லை. செப்டம்பர் 10-ஆம் நாள் கலெக்டர் கூட்டிய சமாதான மாநாட்டில், நம் சமூகத்தின் பிரதிநிதிகளுள் ஒருவராக அவர் அமர்ந்தார். மறுநாள் பாரதியாரின் நினைவு நாள். அவ்விழாவிற் பேசித் திரும்பிய அவர், அன்றிரவே பரமக்குடியிற் கொலையுண்டார். முப்பத்து மூன்று வயதும் நிரம்பவில்லை. அதன்பின் மூண்ட கலவரத்தில் இரு தரப்பிலும் குடும்பங்கள் அழிந்தன. கீழத்தூவலில் மறவர் ஐவர் போலீசாராற் சுடப்பட்டு மாண்டனர். கொலை வழக்கிற் குற்றஞ்சாட்டப்பெற்ற முத்துராமலிங்கத் தேவர் அவர்களை 1959-இல் நீதிமன்றம் விடுதலை செய்தது. இவையனைத்தையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

அன்பர்களே! அவர் சட்டசபையில் அமர்ந்தவரல்லர், மந்திரியானவரல்லர். ஆயினும் 2010-இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. பரமக்குடியில் மணிமண்டபம் அமைப்பதாகத் தமிழக அரசு 2023-இல் அறிவித்தது. ஏழு பிரிவினரை ஒரே பெயரால் அழைக்கும் சட்டமும் 2021-இல் நிறைவேறியது. இவை மகிழத்தக்கவையே. எனினும் 2011 செப்டம்பர் 11-ஆம் நாள் பரமக்குடியில் துப்பாக்கிச் சூட்டில் நம்மவர் மாண்டதையும் நினைவிற் கொள்க. அஞ்சலி செலுத்தப் போன பிள்ளை வீடு திரும்பவில்லையெனில், எந்த மணிமண்டபம் அத்தாயின் கண்ணீரைத் துடைக்கும்?

ஆகவே எமது விண்ணப்பம் மூன்று. முதலாவது, படையிலும் போலீசிலும் சேர விரும்பும் இளைஞருக்குத் தேர்வுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் இவ்வூரிலேயே கிடைக்கச் சங்கம் பொருள் ஒதுக்க வேண்டும். இரண்டாவது, எங்கேனும் இழிவு நேர்ந்தால் அரிவாளை நாடாது, எழுத்து மூலம் புகார் கொடுத்து, வழக்கு முடியுமளவும் உடன் நிற்கும் படித்தவர் குழு ஒன்று வேண்டும். மூன்றாவது, செப்டம்பர் மாதம் வருமுன்னரே அண்டைச் சமூகத்துப் பெரியோரை நாமே சென்று கண்டு பேச வேண்டும். தம் வாழ்வின் கடைசிப் பகலுக்கு முந்தின நாள் அவர் சென்றது சமாதான சபைக்கேயாம். அவ்வழியில் எஞ்சியுள்ள தூரத்தை நாம் நடப்பதே அவருக்குச் செய்யும் அஞ்சலி.