பூட்டிய ஏடுகளும் திறந்த ஏடுகளும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அல்சூர்த் தமிழர் விழாவில் விஞ்ஞானப் பத்திரிகைகளைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வினவலாம். ஆராய்ச்சிக் கூடங்கள் மலிந்த ஊரில் நாம் குடியேறியிருக்கின்றோம். நம் பிள்ளைகள் பலர் அங்கே பயில்கின்றனர். ஆதலின் இது நம் வீட்டுச் செய்தியே ஆகும்.

1928 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள், திருவானைக்காவலில் பிறந்த தமிழராகிய சி. வி. இராமன், கல்கத்தாவில் ஒளிச்சிதறலில் ஒரு புதுமையைக் கண்டார். மார்ச்சு 16 ஆம் நாள் இதே பெங்களூரில், தென்னிந்திய விஞ்ஞானச் சங்கத்தில், அதனை விரித்துரைத்தார். அம்மாத இறுதிக்குள் அவ்வுரை இந்திய பௌதிகப் பத்திரிகையில் அச்சேறியது. அதன் படிகள் அயல்நாட்டு அறிஞர்களுக்கு அஞ்சலில் விரைந்தன. அப்பத்திரிகையை 1926 இல் தோற்றுவித்தவரும் அவரே. பிறர் வாயிலில் காத்து நிற்கும் இயல்பினர் அல்லர் அவர்!

மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்னும் இருவர், பளிங்குக் கல்லில் அதே விளைவை ஒரு வாரம் முன்னரே கண்டிருந்தனர். ஆயினும் அவர்தம் கட்டுரை ஜெர்மானியப் பத்திரிகையில் வெளிவந்தது ஜூலைத் திங்களில்தான். 1930 இல் நோபெல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. விரைவு ஒன்றே பரிசைத் தந்தது என்று நாம் கூறோம். ஆயினும் காலத்தாழ்வின் விலை சிறிதன்று என்பது விளங்கும்.

இன்றைய நிலை யாது? ஆய்வாளர் கட்டுரை எழுதுகின்றார், ஊதியம் இல்லை. சக அறிஞர் அதனைச் சீர்தூக்குகின்றனர், அவர்க்கும் இல்லை. திங்கள் பல கழிந்து, சில வேளை ஆண்டும் கடந்து, கட்டுரை வெளிவருகின்றது. வந்ததும் பதிப்பகத்தார் அதற்குப் பூட்டுப் போட்டுவிடுகின்றனர்! மக்கள் வரிப்பணத்தில் நிகழ்ந்த ஆய்வை மக்களே மீண்டும் விலை கொடுத்து வாங்க வேண்டியுள்ளது. 2024 நவம்பரில் நடுவண் அரசு, மூன்று ஆண்டுகட்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, ஏறத்தாழ 13,000 பத்திரிகைகளை அரசுக் கல்வி நிலையங்கட்குத் திறந்துவிட ஒப்புதல் அளித்தது. நல்லதே. ஆனால் பூட்டை உடைக்கவில்லை. சாவியை வாடகைக்கு எடுத்திருக்கின்றோம்.

மற்றொரு வழியும் உண்டு. 1991 இல் அமெரிக்க நாட்டுப் பால் கின்ஸ்பார்க் என்பவர், பௌதிகக் கட்டுரைகளை அச்சேறுமுன்னரே கணிப்பொறி வழியே எவரும் படிக்க வகை செய்தார். ஆர்க்கைவ் என்பது அதன் பெயர். இத்தகைய படியை முன்பதிப்பு என்போம். (அதே 1991 இல்தான் நம் அல்சூர் ஏரி அருகே வள்ளுவர் சிலை அமைக்கப்பட்டு மூடப்பட்டது, 2009 ஆகஸ்டு 9 ஆம் நாள் வரை அவர் திரைக்குள்ளேயே இருந்தார். திறந்து வைக்க நமக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின!) நம் நாட்டிலும் சுப்பையா அருணாசலம் போன்ற தமிழர், ஆய்வுகள் அனைவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்று பல்லாண்டு வாதாடியுள்ளனர்.

பிழை பரவாதா என்று கேட்பீர். பரவும்; மறுக்கவில்லை. 2020 ஜனவரி இறுதியில் தில்லியிலிருந்து வந்த ஒரு முன்பதிப்பு, கொரோனாக் கிருமியில் எய்ட்ஸ் கிருமியின் கூறுகளை ஒத்தவை இருப்பதாகக் கூறிற்று. வதந்தி உலகெங்கும் ஓடியது. ஆனால் பன்னாட்டு அறிஞரும் உடனே குறை கண்டனர். இரண்டொரு நாளில் ஆசிரியர்களே அதனைத் திரும்பப் பெற்றனர். பூட்டிய அறைக்குள் நிகழும் மதிப்பீட்டிலும் பிழைகள் தப்பியதுண்டு. அவை வெளிப்பட ஆண்டுகள் பல சென்றதும் உண்டு. ஆதலின் முன்பதிப்பை ஆய்வாளர் ஆய்வாளராகப் படிக்கட்டும். மருந்து உண்பதற்கு அதனை நம்பி எவரும் புறப்பட வேண்டா என்பதே நம் கருத்து.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். 1934 இல் இராமன் இவ்வூரில் நிறுவிய இந்திய விஞ்ஞானப் பேரவையின் பழைய ஏடுகளை இன்று கட்டணமின்றிக் கணிப்பொறியில் படிக்கலாம். 1928 மார்ச்சில் இங்கு அவர் நிகழ்த்திய உரையையும் இராமன் ஆராய்ச்சி நிலையத்தின் மின்தொகுப்பில் காணலாம். பள்ளி விடுமுறையில் ஒருநாள் பிள்ளைகளுடன் அமர்ந்து அதனைத் திறந்து பாருங்கள்.